நாற்காலியை மட்டும் வரைந்து கொடுக்காதீர்கள்

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் கல், மணல், கம்பி எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். மரச்சாமான் பற்றிய யோசனை மட்டும் பால்காய்ப்புக்கு நாள் குறித்த பிறகுதான் வரும். களியக்காவிளையிலிருந்து தக்கலை வரைக்கும் சாலையோரமெல்லாம் கடைகள் இருப்பதால், ‘அதெல்லாம் ஒரு நாள் வேலை’ என்கிற தைரியம். அப்புறம் துபாயிலிருந்து அத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார். எந்த நாட்டிலோ யாரோ எடுத்த நாற்காலிப் படம். “இதே மாதிரி நம்ம ஆசாரிகிட்ட செய்யச் சொல்லு” என்று கீழே ஒரு வரி. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் சில வருடங்கள் மார்த்தாண்டத்தில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினேன். அதனால் சொந்தக்காரர்களில் யார் வீடு கட்டினாலும் இந்தக் கேள்வி சுற்றிச்சுற்றி என்னிடம் வந்துவிடும்: கடையில் மாடல் பார்த்து ஆர்டர் கொடுப்பதா, அல்லது நமக்கு வேண்டியதை வரைந்து கொடுத்து முழுசாகச் செய்துகொள்வதா?

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். கடையில் ஒரு கட்டில் இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டு, “ஆறடி அகலம் வேண்டாம், ஐந்தடி போதும். தேக்கு வேண்டாம், அயனியில் செய்யுங்கள். தலைமாட்டில் துணி வேண்டாம், பிரம்பு பின்னுங்கள்” என்கிறீர்கள். அவர்கள் எழுதிக்கொண்டு, நாள் சொல்லி, செய்து தருகிறார்கள். இது ஆர்டர் வேலை. சாமானின் எலும்புக்கூடு அவர்களுடையது, தோலும் நிறமும் உங்களுடையது. முழு கஸ்டம் என்பது எலும்புக்கூட்டையே நீங்கள் கேட்பது. வெள்ளைத்தாளில் தொடங்குகிற வேலை.

கடைக்காரர்கள் இரண்டையும் ‘கஸ்டமைஸ்டு ஃபர்னிச்சர்’ என்று ஒரே போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். குழம்ப வேண்டாம். “இதே சாமானை இதற்கு முன்னால் யாருக்குச் செய்தீர்கள், போய்ப் பார்க்கலாமா?” என்று கேட்டால் தெரிந்துவிடும். பார்க்கலாம் என்றால் ஆர்டர் வேலை. “உங்களுக்காகத்தான் முதல்முறை செய்கிறோம்” என்று பெருமையாகச் சொன்னால், அது சோதனை முயற்சி. சோதனைக்குப் பணம் கட்டுகிறவர் நீங்கள்.

விலை, அழகு, மரம் என்று எவ்வளவோ பேசலாம். என் கணக்கு ஒன்றுதான்: தப்பு எங்கே நடக்கப்போகிறது? நாலு பேர் வாங்கிய மாடலில் தப்புகள் ஏற்கெனவே வேறு யார் வீட்டிலோ நடந்து, திட்டு வாங்கி, திருத்தப்பட்டிருக்கும். கஸ்டம் வேலையில் அவை இனிமேல்தான் நடக்க வேண்டும், அதுவும் உங்கள் வீட்டில்.

நாற்காலியை வரைந்து கொடுக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வீட்டுச் சாமானில் செய்யக் கடினமானது எது என்று கேட்டால் பலர் செதுக்கு வேலை உள்ள கட்டிலைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் நாற்காலிதான். கட்டில் போட்ட இடத்தில் கிடக்கும். நாற்காலியை இழுப்பார்கள், தள்ளுவார்கள், குழந்தை ஏறி நிற்கும், சாப்பிட்டு முடித்த பெரியப்பா பின்னங்கால் இரண்டில் மட்டும் சாய்ந்துகொண்டு பல் குத்துவார். அந்த நேரத்தில் அவருடைய பாரம் முழுவதையும் தாங்குவது பக்கச்சட்டத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் செருகுவதற்காக ஒடுக்கிய முனை, பின்னங்காலுக்குள் ஏறுகிற இடம். நாற்காலி ஆட்டம் காண்பதும் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். படத்தில் அந்த இடம் மெல்லியதாக, பார்க்க நளினமாக இருக்கும். உள்ளே கழுந்து எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று படம் சொல்லாது.

அளவு சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம், பாதி வரைக்கும். உட்காரும் உயரம் தரையிலிருந்து 17, 18 அங்குலம். சாப்பாட்டு மேசை 29, 30 அங்குலம். நடுவில் 11, 12 அங்குலம் இருந்தால் தொடையும் இடிக்காது, தோளைத் தூக்கிக்கொண்டு சாப்பிடவும் வேண்டாம். ஆனால் முதுகு எவ்வளவு சாய வேண்டும், இருக்கை பின்பக்கம் எவ்வளவு தாழ வேண்டும் என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

குழித்துறைப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான மூத்தாசாரி ஒருவர் இருக்கிறார். அத்தான் அனுப்பிய படத்தை அவரிடம் காட்டினேன். போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “மக்களே, இதுல நான் இருந்து பாக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்து போய், சாய்ப்பில் ஆணியில் மாட்டியிருந்த பிளைவுட் துண்டுகளில் ஒன்றை எடுத்து வந்தார். நாற்காலியின் பின்னங்கால் அச்சு. அடியில் நேராக வந்து, இருக்கை மட்டத்துக்கு மேலே மெல்லப் பின்னால் போகிறது. ஓரமெல்லாம் பென்சில் பட்டுப்பட்டுக் கறுத்திருந்தது. வளைவில் ஒரு பழைய கோடு, அதற்குக் கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு.

“இது அப்பன் வெட்டுன கணக்கு. பொறவு நான் கொஞ்சம் சாச்சேன். அப்பம் உள்ளவன் நிமிந்து இருப்பான். இப்பம் உள்ளவனுக்கு போன் பாக்கணுமே.”

அந்தக் கால் அங்குலத்துக்கு ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது. யாரோ எடுத்த படத்துக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. நீண்ட கைப்பிடிகளின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்கிற பிரம்புச் சாய்வு நாற்காலியும் அப்படித்தான். எஸ்டேட் பங்களா வராந்தாக்களில் கிடந்த மாடல், இன்றைக்கும் ஆசாரிகளுக்குக் கைப்பழக்கம். மரத்தைச் சொல்லி, நம் கால் நீளத்தைச் சொன்னால் போதும், புதிதாகக் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கட்டிலில் பிரச்சினை மெத்தை. கடையில் கிடைக்கிற மெத்தைகள் 72, 75, 78 அங்குல நீளத்திலும் 36, 48, 60, 72 அங்குல அகலத்திலும் வருகின்றன. கட்டிலை இஷ்டப்பட்ட அளவில் செய்தால் மெத்தையையும் சொல்லித்தான் செய்ய வேண்டும். அது அமுங்கிப்போனால் மறுபடியும் அதே அலைச்சல்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பழைய ஆசாரிகள் கோல், விரல் கணக்கில் அளப்பவர்கள். 24 விரல் ஒரு கோல், இன்றைய அளவில் 72 செ.மீ. சுற்றளவைக் கூட்டி, அது பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்கிற ஐந்தில் எதில் விழுகிறது என்று பார்ப்பார்கள். வீட்டுக்கும் அறைக்கும் பார்க்கிற இந்தக் கணக்கைச் சிலர் கட்டிலுக்கும் கொண்டுவந்துவிடுவார்கள். மரணத்தில் விழுந்தால் ஒரு விரல் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். ஒரு விரல் என்றால் 3 செ.மீ. ராத்திரி கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய் விழ அது தாராளம். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆசாரியோடு வாதாடுவதிலும் நம்பிக்கை கிடையாது. மெத்தையைக் கொண்டுபோய் முன்னால் போட்டுவிட்டு, “இது உள்ளே சரியா இருக்கணும், வெளிச்சுற்றை நீங்க எப்படி வேணும்னாலும் வச்சுக்கோங்க” என்பேன். சட்டத்தின் கனத்தில் அவர் சரிசெய்துகொள்வார். யௌவனமும் ஆச்சு, மெத்தையும் ஆச்சு.

முழு கஸ்டம் கட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரித்தபோது ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நின்றுகொண்டது. உப்பரிகை மாளிகையில் ராஜாவின் மூலிகைக் கட்டில் இருக்கிறது. 64 மூலிகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்தது, டச்சுக்காரர்கள் கொடுத்தது என்று அங்கே சொல்வார்கள். எல்லோரும் கட்டிலைப் பார்த்து வாய் பிளப்பார்கள். நான் அதே அரண்மனையில் இருக்கும் தாய்க்கொட்டாரத்துக்குத் திரும்பிப்போய், ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கையில் இருந்த மரத்தைப் பார்த்து யோசித்து, அதற்கு ஏற்றபடி செய்த வேலை அது.

எங்கள் பக்கம் கஸ்டம் வேலைக்கு நியாயமான காரணம் என்று ஒன்று இருந்தால் அதுவும் இதுதான்: சொந்த மரம். தாத்தா நட்ட அயனி, கிணற்றடிப் பலா. வீடு கட்ட இடம் வேண்டி வெட்டியாக வேண்டும். வெட்டிய மரத்தை விற்க மனசு வராது. ‘நம்ம மரத்துலயே ஒரு மேசை செஞ்சு போட்டா போதும்’ என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

சரி, செய்யலாம். ஆனால் மரம் சும்மா கிடைத்தது என்று மட்டும் நினைக்கக் கூடாது. வெட்டுக்கூலி, வண்டிக்கூலி, மில்லில் அறுவைக்கூலி, காயப்போட இடம். அதற்கும் மேலே அளவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. உருண்டைத் தடியை எங்கள் கடையில் கால்சுற்று முறையில்தான் அளப்போம். நடுவில் சுற்றளவைப் பிடித்து, நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உருளைக் கணக்குப்படி அந்தத் தடியில் 12.7 கன அடி இருக்கும். அறுவையில் போகும் புறப்பலகையையும் தூளையும் முன்கூட்டியே கழித்துவைத்த மாதிரியான கணக்கு. அப்புறமும் வெள்ளை என்கிற ஓரத்து இளமரம் போகும், வெடிப்பு போகும், கணு போகும். மிச்சத்தில் சாமானுக்கு எவ்வளவு நிற்கும் என்பதைத் தடியை அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே கடை மாடல் உதவாது. அதற்கு ஆறரை அடியில் நேர்ச்சட்டம் வேண்டும். உங்கள் பலாவில் நேராகக் கிடைப்பது நாலரை அடி. அப்போது பெஞ்சா, மேசையா, பூஜை அறைக் கதவா என்று மரத்தைப் பார்த்து யோசிக்கிற ஆள் வேண்டும். கஸ்டம் வேலைக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் இந்த யோசனைக்குத்தான்.

காயப்போடுவது பற்றி ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் நனைகிற இடம். ஆனி, ஆடியில் ஒருமுறை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு முறை கதவுகள் எல்லாம் பிடித்துக்கொள்ளும். போன மாதம் வெட்டிய மரத்தில் இந்த மாதம் கட்டில் செய்து தரச் சொன்னால் நல்ல ஆசாரி ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அறுத்த பலகைகளை நடுநடுவே குச்சி வைத்து, காற்றோட்டமாக நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் விட வேண்டும். அவசரமென்றால் சூளையில் காயவைத்துத் தருகிற மில்லைத் தேட வேண்டும்.

காய்ந்த பிறகும் மரம் சும்மா இருக்காது. அக்கா வீட்டில் சொந்த அயனியில் செய்த மேசையைத் தரை துடைக்கக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அடியில் குனிந்து பார்த்தேன். மேல்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கிற திருகாணிகள் வட்டத்துளையில் இல்லை. பலகையின் அகலவாக்கில் நீட்டி வெட்டிய காடியில் இருந்தன, ஆணிக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு. 40 அங்குல அகலமுள்ள பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே கால் அங்குலம் வரைகூட விரிந்து சுருங்கலாம். நீளவாக்கில் அசைவு இல்லையென்றே சொல்லலாம். அகலத்தில் அசைய இடம் கொடுக்காமல் பசை போட்டு இறுக்கினால் பலகை நடுவில் வாய் பிளந்துவிடும். அக்கா கொடுத்த படத்தில் இந்தக் காடி கிடையாது. அத்தானும் கேட்கவில்லை. ஆசாரியாகப் பார்த்து வைத்தது.

வெட்டப்போவது தேக்கோ ஈட்டியோ என்றால் கோடாலி எடுப்பதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தடியை எல்லை தாண்டி மில்லுக்கு ஏற்றுகிற எண்ணம் இருந்தால் கண்டிப்பாக.

வரைந்து கொடுங்கள் என்று நான் யோசிக்காமல் சொல்லக்கூடிய சாமான் சுவர் அலமாரி. காரணம் எளிது: எந்த வீட்டிலும் சுவர் நேராக இருப்பதில்லை. மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம், மூலை தொண்ணூறு டிகிரி என்பது எஞ்சினியர் வரைபடத்தில் மட்டும். பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு மேலே, நடுவே, கீழே என்று அளந்து அந்தச் சுவருக்கென்று செய்கிற அலமாரிதான் இடைவெளி இல்லாமல் உட்காரும். கடையில் வாங்கிய அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாத ஒரு சந்து இருக்கும். அது பல்லிகளுக்குச் சொந்தம்.

இதிலும் பணத்தை மிச்சம் பிடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. அலமாரியின் ஆழம் ரம்பம் தின்கிற கனம் போக 24 அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு ஷீட்டின் அகலத்தில் இரண்டு பக்கப்பலகை கிடைக்கும். “கோட்டு மாட்ட வசதியாக 26 இருக்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ஷீட்டுக்கு ஒன்றுதான் வரும், மிச்சம் 22 அங்குலத் துண்டு. தட்டுக்கோ டிராயருக்கோ கொஞ்சம் ஆகும், பாக்கி சாய்ப்பில் சாய்ந்து நிற்கும். அந்த இரண்டு அங்குலம் பில்லில் ஷீட் கணக்கில் ஏறும். குமரி வெயிலில் கோட்டு யார் போடுகிறார்கள் என்பது வேறு கேள்வி.

சமையலறைக்கும் குளியலறைச் சுவரை ஒட்டி வருகிற அலமாரிக்கும் தண்ணீர் தாங்குகிற ஐஎஸ் 710 பிளைவுட் கேளுங்கள், மற்ற இடத்துக்கு ஐஎஸ் 303 போதும். முத்திரை ஷீட்டின் மேலேயே இருக்கும். மைக்கா ஒட்டுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். ஒட்டிய பிறகு எல்லா பிளைவுட்டும் ஒன்றுதான்.

கடை மாடல்களில் வெளிர் நிறத்தில், விலை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் ரப்பர் மரம். எங்கள் ஊர் ஆட்களுக்கு அதன் மேல் ஒரு இளக்காரம், ‘விறகுக்கு வெட்டுற மரம்தானே’ என்று. பால் குறைந்து 25, 30 வருடத்தில் வெட்டுகிற மரத்துக்கு உடனே போரான் மருந்து ஏற்றிக் காயவைத்தால் நல்ல சாமான் வரும். மருந்து ஏறாவிட்டால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்துதான். அது ஆலையில் நடக்கிற வேலை, ஆசாரியின் சாய்ப்பில் ஆகாது. ரப்பர் மரம் வேண்டுமென்றால் ஆர்டர் கொடுப்பதுதான் வழி.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் வேலையில் விலை முதலிலேயே தெரியும், பலகை வெட்டிய பிறகு மாற்ற விடமாட்டார்கள். கஸ்டம் வேலையில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் கவர்ச்சி, செலவு கைமீறுவதும் அதனால்தான். ஆசாரி வீட்டுத் திண்ணையில் நாள்கூலிக்கு வேலை செய்துகொண்டிருப்பார். பார்க்க வந்த சித்தி, “இந்தப் பக்கம் ஒரு டிராயர் இருந்தா நல்லா இருக்குமே” என்பார். அவர் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்த டிராயருக்கு சேனல், கைப்பிடி, பக்கத்துக் கதவைச் சின்னதாக்கும் வேலை என்று நாட்கள் ஓடும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, சித்திகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது. சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிடட்டும்.

முன்பணம் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மரத்தின் பெயர், வெள்ளை விடலாமா கூடாதா, பிளைவுட் எண், கீல் என்ன வகை, பாலிஷ் எத்தனை கை, நாள் எப்போது. தெரிந்த ஆசாரி, எழுதினால் தப்பாக நினைப்பார் என்று தயங்குவார்கள். நல்ல ஆசாரிக்கு இது நிம்மதி, பாதி சண்டை அவருக்கு மிச்சம்.

அந்தத் தாளிலேயே மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும், படுக்கையறைக் கதவின் அகலத்தையும் எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு அலமாரி படி ஏறாமல், பால்கனிக் கம்பியைக் கழற்றி, வடம் கட்டி மேலே தூக்கினார்கள். கீழே நின்று யோசனை சொன்னவர்கள் தூக்கியவர்களைவிட அதிகம். போல்ட் வைத்துப் பிரித்துப் பூட்டுகிற மாதிரி செய்யச் சொன்னால் ஆசாரி முகம் சுளிப்பார், கழுந்து போட்டு இறுக்கினால்தான் வேலை என்பார். அலமாரிக்கு அப்படியே விடக்கூடாது, போல்ட்தான் வேண்டும் என்று நின்றுவிடுங்கள்.